எழுந்து நிற்கச் சட்டம், சம்பளத்துக்கு மனசா?

ஜனவரி வந்தால் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு சண்டைகள் தவறாமல் வரும். ஒன்று பொங்கலை ஒட்டி வருவது. வாட்ச்மேன், குப்பை எடுக்கும் அம்மா, மோட்டார் பார்த்துக்கொள்ளும் அண்ணன், இவர்களுக்கெல்லாம் வீட்டுக்கு எவ்வளவு பொங்கல் காசு கொடுப்பது? இன்னொன்று குடியரசு நாளை ஒட்டியது. கொடியேற்றத்துக்கு யார் கீழே இறங்கி வந்தார்கள், யார் வரவில்லை, வந்தவர்களில் யார் தேசிய கீதம் பாடும்போது வாயைத் திறக்கவே இல்லை?

தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் எல்லாக் குடியிருப்பிலும் நடப்பதுதான். இந்த முறை இரண்டையும் சேர்த்துப் படித்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. பொங்கல் காசு பற்றிய பேச்சில் "அது அவரவர் விருப்பம், யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது" என்று எழுதிய அதே ஆட்கள், கொடியேற்றம் முடிந்ததும் "வராதவர்களின் வீட்டு எண்ணைக் குழுவில் போடுங்கள்" என்று எழுதியிருந்தார்கள்.

நான் இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். பாட்டுக்கு எழுவதும் பாடுவதும் மனசிலிருந்து வர வேண்டியவை. அவற்றை மனசிடமே விட்டுவிட வேண்டும். உழைத்தவருக்குப் போய்ச்சேர வேண்டிய காசுக்குத்தான் விதியும் கணக்கும் கட்டாயமும் வேண்டும். நாம் இரண்டையும் இடம் மாற்றி வைத்திருக்கிறோம்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தேசிய கீதம் ஒலித்தால் எழுந்து நிற்பவன் நான். வாய்விட்டுப் பாடுபவன். தமிழ்த்தாய் வாழ்த்து என்றால் இன்னும் ஒரு படி மேல். மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் வரிகள் அந்த மோகன ராக மெட்டில் தொடங்கியதும் உடம்பு தானாக நிமிர்ந்துவிடும். யாரும் சொல்லி நின்றதில்லை. யாராவது அதட்டிச் சொல்லியிருந்தால் அந்த நிமிர்வு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரியாமலேயே பலர் சட்டத்தைத் துணைக்கு அழைக்கிறார்கள். 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி, தேசிய கீதம் பாடுவதை வேண்டுமென்றே தடுப்பதும், பாடுகிற கூட்டத்தில் குழப்பம் விளைவிப்பதும் குற்றம். மூன்று ஆண்டுவரை சிறைத்தண்டனை உண்டு. பாடாமல் அமைதியாக நிற்பவரைக் குற்றவாளி என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. எழுந்து நிற்க வேண்டும் என்பது உள்துறை அமைச்சகத்தின் அறிவுறுத்தலில் இருக்கிறது. அதே அறிவுறுத்தலில் ஒரு விலக்கும் உண்டு: செய்திப்படத்திலோ ஆவணப்படத்திலோ ஒரு பகுதியாகத் தேசிய கீதம் வந்தால் பார்வையாளர்கள் எழ வேண்டியதில்லை. எழுந்தால் படம் பார்ப்பது கெட்டுக் குழப்பம்தான் மிஞ்சும் என்று அதை எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

1985-இல் கேரளப் பள்ளி ஒன்றிலிருந்து மூன்று பிள்ளைகளை வெளியேற்றினார்கள். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம் அது. தேசிய கீதத்தின்போது அந்தப் பிள்ளைகள் மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. தங்கள் நம்பிக்கை அதற்கு இடம் கொடுக்கவில்லை என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1986-இல் பிஜோ இமானுவேல் வழக்கு என்ற பெயரில் தீர்ப்பு வந்தது. பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்ன நீதிபதி சின்னப்ப ரெட்டி, சகிப்புத்தன்மை நம் மரபிலும் தத்துவத்திலும் அரசியலமைப்பிலும் இருக்கிறது, அதை நீர்த்துப்போக விடக் கூடாது என்று எழுதினார். மூன்று குழந்தைகள் வாய் திறக்காததால் எந்தத் தேசமும் சிறுத்துப்போகாது என்பதை ஒரு நீதிமன்றம் இவ்வளவு தெளிவாகச் சொல்லி நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன.

ஆனால் அதே உச்ச நீதிமன்றம் 2016 நவம்பர் 30 அன்று எல்லாத் திரையரங்குகளிலும் படத்துக்கு முன் தேசிய கீதம் போட வேண்டும், எல்லோரும் எழ வேண்டும் என்று உத்தரவிட்டது. அடுத்த சில நாட்களில் சென்னையிலேயே ஒரு திரையரங்கில் எழாதவர்கள் மீது கை வைத்தார்கள். திருவனந்தபுரம் திரைப்பட விழாவில் எழாதவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. உத்தரவுக்கு முந்தைய மாதம், கோவாவில் நடந்தது இன்னும் கொடுமை. முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழும் ஒருவரை, அவர் எழவில்லை என்று பின்னாலிருந்து அடித்தார்கள். அந்த நேரத்தில் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அடித்தவரின் கவனம் பாட்டில் எங்கே இருந்தது? பக்கத்து இருக்கைக்காரரின் முழங்காலைக் காவல் காக்கிறவருக்குப் பாட்டு எப்படிக் காதில் விழும்? மரியாதை செய்யாதவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் நான் அவரைத்தான் சொல்வேன்.

2017 அக்டோபரில் இதே வழக்கில் நீதிபதி சந்திரசூட் கேட்டார்: தேசப்பற்றை ஏன் சட்டைக்கு மேல் அணிந்து காட்ட வேண்டும், நாளைக்கு டி-ஷர்ட்டும் அரைக்கால் சட்டையும் போட்டுக்கொண்டு படத்துக்கு வரக் கூடாது என்பீர்களா? 2018 ஜனவரியில் கட்டாயம் நீங்கியது. போடுவது திரையரங்கின் விருப்பம் என்று ஆனது.

சரி, இது மற்றவர்களைக் குறை சொல்வது மட்டுமாக இருக்கக் கூடாது. நம் பக்கத்தையும் பார்ப்போம். 2018 ஜனவரியில் சென்னையில் ஒரு நூல் வெளியீட்டில் காஞ்சி மடத்தின் விஜயேந்திரர் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எழாமல் உட்கார்ந்திருந்தார், தேசிய கீதத்துக்கு எழுந்தார். எனக்கும் கோபம் வந்தது. இன்றைக்கும் அது சரி என்று நான் நினைக்கவில்லை. ஒன்றுக்கு எழுந்து இன்னொன்றுக்கு எழாததில் ஒரு மொழியை எங்கே வைத்துப் பார்க்கிறார்கள் என்பது தெரிகிறது. அதை விமர்சிக்கலாம், கண்டித்து எழுதலாம், கூட்டம் போடலாம். அதற்காகச் சட்டம் வேண்டுமா என்பதுதான் கேள்வி.

அந்த விவகாரத்தை ஒட்டி நடந்த போராட்டம் தொடர்பான ஒரு வழக்கில், 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எழுந்து நிற்கச் சட்டமோ ஆணையோ எதுவும் இல்லை, மரியாதை காட்ட ஒரே வழிதான் உண்டு என்று வற்புறுத்தக் கூடாது என்றது. சில நாட்களிலேயே தமிழக அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்தது. 55 வினாடிகளில் பாட வேண்டும், மாற்றுத்திறனாளிகள் தவிர எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்று ஆணை வந்தது. மாநிலப் பாடல் என்ற அறிவிப்பு என் நெஞ்சுக்கு நெருக்கமானது. எழச் சொன்ன பகுதி தேவையே இல்லாதது. அதற்கு முன்னாலும் மக்கள் எழுந்துதான் நின்றார்கள். அன்பினால் செய்தவர்களுக்கு ஆணை போட்டு அந்த அன்பைக் கடமையாக்கிவிட்டார்கள்.

அடுத்தவர் வீட்டுக்குப் போனால் அந்த வீட்டு வழக்கத்தை மதிக்க வேண்டும் என்பதையும் நான் நம்புகிறேன். நம் சட்டமன்றத்தில் தொடக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, முடிவில் தேசிய கீதம். இது பல காலமாக இருக்கும் முறை. 2025 ஜனவரி 6 அன்று தொடக்கத்தில் தேசிய கீதம் பாடவில்லை என்று அப்போதைய ஆளுநர் ரவி உரையைப் படிக்காமலே வெளியேறினார். பாட மாட்டோம் என்று அவையில் யாரும் சொல்லவில்லை. எப்போது பாடுவது என்பதுதான் பிரச்சினை. அதற்காக ஒரு மாநிலத்தின் அவையை விட்டு எழுந்து போவதைத் தேசபக்தி என்று என்னால் ஏற்க முடியாது.

இப்போது காசு விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் அதிகம் வலிக்கும் இடம்.

என் அப்பா மதுரையில் ஒரு சைவ ஓட்டலில் பல வருடம் சர்வராக இருந்தவர். பில் வைக்கிற தட்டில் சோம்புக்கு அடியில் ஜனங்கள் வைத்துவிட்டுப் போன சில்லறைதான் எங்கள் வீட்டில் பால் காசு, பஸ் காசு, நோட்டுப் புத்தகக் காசு. அதனால் டிப்ஸ் கொடுக்கிறவர்களை நான் ஒருநாளும் குறைவாகப் பேச மாட்டேன். ஆனால் அந்தக் காசு என்ன செய்தது என்பதையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். அப்பா சம்பளம் உயர்த்திக் கேட்கும்போதெல்லாம் முதலாளி சொன்ன பதில் ஒன்றே: "அதான் டிப்ஸ் வருதுல்ல?" வாடிக்கையாளர் அன்பாகக் கொடுத்தது, முதலாளி தர வேண்டியதைத் தராமல் இருக்கச் சாக்காக மாறியது. அப்புறம் ஏ.சி. ஹாலில் வேலை கிடைத்தால் வரும் காசு வேறு, சாதா ஹாலில் வேறு. யாரை எங்கே போடுவது என்பது சூப்பர்வைசர் கையில். அவரிடம் நல்ல பெயர் எடுக்க இன்னொரு குனிவு. டேபிள் துடைக்கும் பையனுக்கும் உள்ளே மாவாட்டுபவருக்கும் யாரும் எதுவும் வைப்பதில்லை. அப்பா தன் பங்கிலிருந்து துடைக்கும் பையனுக்குக் கொடுப்பார். அது அப்பாவின் குணம். எல்லா இடத்திலும் அப்படி நடக்கும் என்று நம்பி ஒரு தொழிலை நடத்த முடியாது.

இப்போது அந்தச் சில்லறையும் போய்விட்டது. மேஜையில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடில் பில் தொகையைப் போட்டுவிட்டு எழுந்து வருகிறோம். பணம் கடையின் கணக்குக்குப் போகிறது. பரிமாறியவர் கைக்கு எதுவும் வருவதில்லை. நமக்குக் கஞ்சத்தனம் ஒன்றும் வந்துவிடவில்லை, பையில் பத்து ரூபாய் நோட்டு இல்லை, அவ்வளவுதான். ஒரு தொழிலாளியின் வருமானம் நம் பையில் சில்லறை இருப்பதை நம்பி நிற்கிறது என்றால் கோளாறு அந்த ஏற்பாட்டில்தான்.

பெரிய ஓட்டல்களில் பில்லிலேயே சர்வீஸ் சார்ஜ் போட்டுவிடுகிறார்கள். பரிமாறியவருக்குத்தான் போகிறது என்று நினைத்துப் பலர் பேசாமல் கட்டுகிறார்கள். போகிறதா என்று நம்மால் பார்க்க முடியாது. அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. ஓட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது வாடிக்கையாளரைக் காப்பாற்றும் தீர்ப்பு. பிரிட்டனில் 2024 அக்டோபரிலிருந்து, டிப்ஸும் சர்வீஸ் சார்ஜும் முழுக்கத் தொழிலாளிக்கே போய்ச்சேர வேண்டும், முதலாளி பிடித்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அந்த மாதிரி ஒன்று இங்கே பேச்சளவில்கூட வரவில்லை.

"அமெரிக்காவைப் பாருங்கள், 20 சதவீதம் கொடுக்கிறார்கள்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டிய மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991-லிருந்து அது மாறவில்லை. டிப்ஸ் சேர்த்தும் வழக்கமான குறைந்தபட்சக் கூலி எட்டாவிட்டால்தான் முதலாளி மீதியைக் கொடுக்க வேண்டும். பல மாநிலங்கள் தங்கள் அளவில் கூடுதலாக வைத்திருக்கின்றன, உண்மைதான். ஆனால் என் அப்பாவின் முதலாளி வாயால் சொன்னதை அங்கே சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து நாம் ஆசைப்பட ஒன்றுமில்லை.

சிலிண்டர் கொண்டுவருபவருக்குக் கொடுப்பதும் இதே கதைதான். வீட்டுக்குக் கொண்டுவரும் கூலி பில் தொகையிலேயே அடக்கம். அது அவர் கைக்கு முழுதாகப் போயிருந்தால் மூன்று மாடி தூக்கி வந்துவிட்டு வாசலில் தயங்கி நிற்க மாட்டார். பிரசவ வார்டில் ஆண் குழந்தைக்கு ஒரு தொகை, பெண் குழந்தைக்கு ஒரு தொகை என்று கேட்பதை மட்டும் இதோடு சேர்க்க மாட்டேன். அது லஞ்சம். அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

பண்டிகைக் காசும் அப்படித்தான். போனஸ் சட்டம் 1965-லேயே வந்துவிட்டது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் தகுதியுள்ள ஊழியருக்கு ஆண்டுச் சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். வாட்ச்மேனை அனுப்பும் ஏஜென்சி அதைக் கொடுக்கிறதா என்று எத்தனை குடியிருப்புச் சங்கங்கள் கேட்டிருக்கின்றன? கேட்காமல், வீட்டுக்கு நூறா இருநூறா என்று அடித்துக்கொள்கிறோம். பிறகு அவரை வரிசையாக ஒவ்வொரு வாசலிலும் நிற்க வைத்துக் கொடுக்கிறோம். பொங்கலுக்கு வேட்டியும் கரும்பும் கொடுங்கள், அது உறவு, அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. சம்பளப் பாக்கியை இனாம் மாதிரி நீட்டாதீர்கள்.

"சம்பளத்தை ஏற்றினால் தோசை விலை ஏறும்" என்பார்கள். ஏறட்டும். பரிமாறுபவரின் வீட்டு வாடகையையும் சேர்த்த விலைதான் தோசையின் உண்மையான விலை. அது வராதவரை நான் கையில் ரொக்கம் வைத்துக்கொண்டுதான் சாப்பிடப் போகிறேன், டேபிள் துடைப்பவருக்கும் தனியாகக் கொடுக்கிறேன். சர்வீஸ் சார்ஜ் போட்ட பில் வந்தால் அதை எடுக்கச் சொல்லிவிட்டு அந்தத் தொகையைப் பரிமாறியவர் கையில் கொடுக்கிறேன்.

ஓட்டல் நடத்தும் நண்பர்களும், ஓட்டலில் வேலை பார்க்கும் நண்பர்களும் என் நட்புப் பட்டியலில் இருக்கிறீர்கள். உங்கள் ஊரில் சர்வருக்கு இப்போது மாதச் சம்பளம் எவ்வளவு, டிப்ஸை யார் பிரிக்கிறார்கள், கியூஆர் வந்த பிறகு என்ன மாறியது என்று கீழே எழுதுங்கள். கடைப் பெயர் வேண்டாம், ஊர் மட்டும் போதும்.