21,240 ரூபாய் யார் பாக்கெட்டுக்குப் போகிறது?

ஐ.டி. கம்பெனியில் பெர்மனென்ட்டாக இருப்பவர்களே, உங்கள் பக்கத்தில் தற்காலிக ஒப்பந்தத்தில் வேலை செய்யும் காண்ட்ராக்டருக்கான ஆர்டர் ஒன்றின் ஸ்கிரீன்ஷாட்டை இன்னும் எத்தனை பேர்தான் ஷேர் பண்ணுவீர்கள்? “காண்ட்ராக்டருக்கு ஒரு நாளைக்கு 21,240 ரூபாயாம், நமக்கு 6 பர்சென்ட் சம்பள ஹைக்காம்.” அதற்குக் கீழே நூறு சிரிப்பு எமோஜி.

அது சம்பளச் சீட்டு இல்லை சாமி, ஆள் அனுப்பும் கன்சல்டன்சிக்குக் கம்பெனி கொடுக்கும் பர்ச்சேஸ் ஆர்டர். அதில் 3,240 ரூபாய் ஜி.எஸ்.டி. கம்பெனி அதைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும், இன்புட் கிரெடிட் என்பார்கள். மிச்சம் 18,000. அந்தப் பெரிய கன்சல்டன்சி அதில் ஒரு பங்கை எடுக்கும். பல நேரம் அவர்களிடம் ஆளே இருக்காது. சின்ன வெண்டரிடம் கேட்பார்கள், அவரும் ஒரு பங்கு எடுப்பார். புது சாஃப்ட்வேரை ஓடவிடும் ராத்திரி, ரெண்டு மணிக்கு கோ-லைவ் கால்-இல் உட்கார்ந்திருக்கும் காண்ட்ராக்டர் கைக்குப் பத்தாயிரம் வந்தால் அது நல்ல டீல்.

“பத்தாயிரமும் பெரிய காசுதானே?” சரி, கணக்குப் போடுவோம். வேலை செய்யாத நாளுக்குக் காசு கிடையாது. சனி, ஞாயிறு, பண்டிகை, காய்ச்சல், ஒரு காண்ட்ராக்ட் முடிந்து அடுத்தது வரும்வரை ஒரு மாதம் என்று எல்லாம் போனால் வருஷத்துக்கு 215 நாள் தேறும். 21.5 லட்சம். 20 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். 21 நாளுக்கு 2,10,000 ரூபாய் பில் போட்டால் வரி 37,800. அதை அடுத்த மாதமே கட்டியாக வேண்டும். வெண்டரோ “கிளையன்ட் கொடுத்தாத்தான் சார்” என்று 60 நாள் இழுப்பார். வராத பணத்துக்குக் கைக்காசில் வரி! சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு வைத்திருந்தால் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள், காண்ட்ராக்ட்டுக்கு அடுத்த எக்ஸ்டென்ஷன் வராது.

காண்ட்ராக்டருக்குக் கம்பெனி பி.எஃப். இல்லை, கிராஜுவிட்டி இல்லை, அப்பா அம்மாவுக்கு குரூப் இன்ஷூரன்ஸ் இல்லை. உங்களை அனுப்ப 90 நாள் நோட்டீஸ். அவரை அனுப்ப ஒரு மெயில்.

“விஷயத்தை எல்லாம் மண்டையில் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்” என்று ஒருவர் கமென்ட் போட்டிருந்தார். உண்மைதான். தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகும் ஹேண்டோவருக்கு ரெண்டு வாரம் ஆர்டரில் போடச் சொல்லுங்கள், யாரும் போடுவதில்லை.

“அவ்வளவு கஷ்டம்னா பெர்மனென்ட்டா சேர வேண்டியதுதானே?” கம்பெனி சேர்த்துக்கொள்ளுமா? ஹெட்கவுண்ட் ஃப்ரீஸ் என்று சொல்லி ஆள் எடுக்காது. சம்பளத் தலைப்பில் இடம் இல்லாத அதே பணம் புராஜெக்ட் தலைப்பில் கூடுதலாகவே செலவாகும். அதில் கையெழுத்துப் போட்ட மேனேஜரை ஒருவரும் கேட்க மாட்டீர்கள். அப்ரைசல் அவர் கையில் அல்லவா இருக்கிறது! வாயில்லாப் பூச்சி காண்ட்ராக்டர்தான். அவரைத் திட்டினால் ரேட்டிங் குறையாது.

சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு காண்ட்ராக்டருக்கு நடந்ததைச் சொல்கிறேன். காண்ட்ராக்ட் முடிகிற வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஐ.டி. கார்டு வேலை செய்யவில்லை. லேப்டாப்பை செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுப் போனார். சார்ஜர் வரவில்லை என்று அசெட் டீம் கிளியரன்ஸ் தரவில்லை. கிளியரன்ஸ் இல்லாமல் வேலை செய்த நாள்களைக் காட்டும் கடைசி டைம்ஷீட் அப்ரூவ் ஆகவில்லை. அப்ரூவல் இல்லாமல் இன்வாய்ஸ் ஏறவில்லை. ஒரு சார்ஜருக்காக ஒரு மாத வருமானம் நின்றது. அந்தச் சார்ஜர் அவர் உட்கார்ந்த டெஸ்க்கிலேயே சொருகியபடி இருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் அதில்தான் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஃப்ளோரில் அவருக்குப் பெயர் “காசுக்கு வந்த ஆள்”. நீங்கள் எல்லாம் ஏசிக் காற்று வாங்கவா வருகிறீர்கள்?