யோசுவாவோட "காணாம போன நாளை" நாசா கண்டுபிடிக்கல

சேலம் சபை குரூப்கள்ல மறுபடியும் அந்த ஃபார்வர்டு சுத்துது, நாசா கம்ப்யூட்டர்ல ஒரு நாள் குறைஞ்சுதாம், அதுல 23 மணி 20 நிமிஷம் பைபிள்ல யோசுவா 10ல (இஸ்ரவேல் தலைவர் யோசுவா கேட்டு சூரியன் நின்னதா சொல்ற அதிகாரம்), மிச்ச 40 நிமிஷம் நிழல் பின்னாடி போன எசேக்கியா ராஜா கதைல கிடைச்சுதாம். ஏற்காடு யூத் கேம்ப்ல கூட ஒரு அண்ணன் இதை ஸ்லைடா போட்டாரு.

அப்படி எதுவும் நடக்கல. இதைப் பரப்புனது ஹெரால்ட் ஹில்னு ஒரு அமெரிக்கர், நாசாவே எங்களுக்கு தெரியாதுன்னு மறுத்துடுச்சு. நாசா ஆரம்பிச்சதே 1958ல, ஆனா காணாம போன நாள் கணக்கை 1890லயே சார்லஸ் டாட்டன்னு ஒருத்தர் எழுதிட்டாரு! அதோட கம்ப்யூட்டர் கிரகங்க இப்ப இருக்கற இடத்துல இருந்து பின்னாடி கணக்கு போடும் அவ்ளோதான், நடுவுல நின்ன கடிகாரம் மாதிரி ஒரு நாள் நின்னிருந்தா அதுக்கு எப்படிங்க தெரியும்?

சூரியன் நின்னுச்சா இல்லையான்னு நான் சொல்ல வரல, அது அவங்கவங்க விசுவாசம். ஆனா இந்த ஃபார்வர்டால அந்த 9, 10 அதிகாரங்கள்ல இருக்கற யோசுவாவை யாரும் பாக்கறதே இல்ல. பக்கத்து ஊரான கிபியோன்காரங்க பூசணம் புடிச்ச அப்பத்தை காட்டி, தூர தேசத்துல இருந்து வர்றோம்னு ஏமாத்துனாங்க, யோசுவாவும் கர்த்தர்கிட்ட கேக்காமலே அவங்களோட உடன்படிக்கை பண்ணிட்டாரு, அப்புறம் அஞ்சு ராஜாக்கள் சேர்ந்து அவங்களை அடிக்க வந்தப்போ "ஏமாத்துனவங்க தானே"ன்னு விடாம தன்னோட பாளயம் இருந்த கில்கால்ல இருந்து ராத்திரி முழுக்க நடந்து போய் நின்னாரு. கேம்ப்ல பேச இதை எடுங்கப்பா.