கூரையை அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு

பரந்தனிலும் மாங்குளத்திலும் முதலீட்டு வலயம் வரப்போகிறது என்ற செய்தியை எல்லாரும் பகிர்கிறீர்கள். சரி, வரட்டும். எங்கட பிள்ளைகளுக்கு நாலு வேலை கிடைத்தால் சந்தோசம்தான். ஆனால் கட்டப்போகிறவர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. தொழிற்சாலை என்றதும் கூரையையும் தூணையும் அண்ணாந்து பார்க்கிறோம். காலுக்குக் கீழே இருக்கிற கொங்கிறீற் தளத்தை ஒருத்தரும் பார்ப்பதில்லை.

சில வருடங்களுக்கு முன் கிளிநொச்சிப் பக்கம் ஒரு அரிசி ஆலைக்குத் தளம் போடும்போது நான்தான் மேற்பார்வை. ஆடி மாதம், சோழகக் காற்று பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. குழைத்த கொங்கிறீற்றைக் கொண்டுவருகிற ரெடிமிக்ஸ் லொறி வந்து சேர மத்தியானம். மேசன் கலவையைப் பார்த்துவிட்டு, "அண்ணை, கொஞ்சம் தண்ணி விடுங்கோ, இழுக்கேலாமக் கிடக்கு" என்றார். லொறிக்காரரும் விட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். பிழை என்னுடையதும்தான்.

50 கிலோ சீமெந்துப் பை ஒன்றுக்கு, மணலில் இருக்கிற ஈரத்தையும் சேர்த்து, 25 லீற்றர் தண்ணீர் போதும். அதற்கு மேல் விடுகிற ஒவ்வொரு வாளியும் பிறகு வற்றிப்போய், அது இருந்த இடம் உள்ளே ஓட்டையாக நிற்கும். எங்கட தளத்தில் ஒரு மணித்தியாலத்துக்குள் தண்ணீர் மேலே கசிந்து நின்றது. அது போகும்வரை காத்திருக்க வேண்டும். ஆருக்குப் பொறுமை? வெறும் சீமெந்தைத் தூவி அதை உறிஞ்ச வைத்துத் தேய்த்தார்கள். பின்னேரம் பார்த்தால் கண்ணாடி மாதிரி மினுக்கம். முதலாளி மேசனுக்குக் கைவிசேசம் கொடுக்காத குறை.

ஆறு மாதம் போகவில்லை. தும்புத்தடி பட்ட இடமெல்லாம் மா மாதிரித் தூசு கிளம்பியது. அடுக்கிய அரிசி மூட்டைகளின் அடிப்பக்கம் சாம்பல் பூத்துக் கிடந்தது. சாப்பிடுகிற அரிசிக்குப் பக்கத்தில் சீமெந்துத் தூசு!

வெடிப்பு வேறு. வெடிக்கிறது நாங்கள் கீறின கோட்டிலேயே வெடிக்கட்டும் என்று, 6 அங்குலத் தளத்தில் 15 அடிக்கு ஒரு கோடாக, அன்றிரவோ மறுநாள் காலையோ, தடிப்பில் காற்பங்கு ஆழத்துக்கு வெட்டிவிட வேண்டும். வெட்டுகிற மெஷின் வந்தது மூன்றாம் நாள். அதற்குள் கொங்கிறீற் தனக்குப் பிடித்த பக்கத்தால் வெடித்து முடித்திருந்தது.

வன்னி மண்ணும் எல்லா இடமும் ஒன்றல்ல. முருங்கன், துணுக்காய்ப் பக்கத்துக் களிமண் மாரியில் ஊதும், கோடையில் கை நுழைகிற அளவுக்குப் பிளக்கும். அதன் மேல் கிரவல் போட்டு இறுக்காமல் தளம் போட்டால் தளமும் சேர்ந்து ஆடும். பரந்தனில் பிரச்சினை உப்பு. அங்கே அந்தக் காலத்தில் இரசாயனத் தொழிற்சாலை வந்ததே ஆனையிறவு உப்பை நம்பித்தான். அதே உப்புக்குக் கொங்கிறீற்றுக்குள் இருக்கிற இரும்புக் கம்பியும் ருசி, அரித்துவிடும். குழைக்கிற தண்ணீரை முதலில் வாயில் வைத்துப் பாருங்கள். குடிக்கேலாத தண்ணீர் கலவைக்கும் வேண்டாம்.

இதையெல்லாம் விட எனக்குக் கோபம் வருவது, போட்ட தளத்தை நனைக்கிற விசயத்தில். குறைந்தது 7 நாள் ஈரம் காயக்கூடாது. சோழகத்தில் காலையில் ஒருக்கால் குழாயால் அடித்துவிட்டுப் போனால் பத்து மணிக்கு எலும்பு மாதிரிக் காய்ந்துவிடும். கேட்டால், "28 நாள் கியூப் ரெஸ்ற் பாஸ்" என்று கடதாசியை நீட்டுவார்கள். கியூப் என்றால் அதே கலவையில் வார்த்து, பிறகு நசுக்கிப் பலம் பார்க்கிற கட்டி. அது தண்ணீர்த் தொட்டிக்குள் சுகமாகக் கிடந்தது, ஐயா. வெயிலில் கிடந்தது தளம்.

அந்த ஆலையின் மூலையில் பழைய சணல் சாக்கு கூரை முட்டக் குவிந்து கிடந்தது. நனைத்து விரித்திருந்தால் ஒரு சதச் செலவில்லை. அதுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்துதான் நாங்கள் தேத்தண்ணி குடித்தோம்.

போன மாதம் வேறொரு களஞ்சியத்துக்குத் தளம் போட முன்னம் அந்த முதலாளியிடமே போனேன். "ஐயா, பழைய சாக்கு தருவீங்களோ?"

"எத்தினை?"

"ஒரு இருநூறு."

மேலும் கீழும் பார்த்தார். "இதை அண்டைக்குக் கேட்டிருக்கலாமே, தம்பி."