ஆமாம், என் மகள் இந்த வருஷம் காலேஜில் சேரவில்லை

ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேச வீட்டில் நடந்ததைக் கேள்விப்பட்டு ஆளாளுக்கு போன் செய்துவிட்டீர்கள், அதனால் முழுக்கதை வேண்டாம். இலையில் உப்பும் ஊறுகாயும்தான் விழுந்திருந்தது. அதற்குள் பெரியப்பா எதிர்வரிசைக்கும் கேட்கிற மாதிரி, "என்னப்பா, உன் மக ஒரு வருஷத்தை வீணாக்கிட்டாளாமே?" என்றார். அவள் தலை நிமிரவில்லை. விரலால் ஊறுகாயை இலை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருந்தாள். பாயசம் வருவதற்குள் எழுந்து போய்விட்டாள்.

நான் சொல்வது ஒன்றுதான். நிற்பதென்றால் சேர்வதற்கு முன்னால் நின்றுவிட வேண்டும்.

அதே பந்தியில் இன்னொரு பையனும் இருந்தான். நாமக்கல்லில் தங்கி மூன்றாவது முறை நீட்டுக்குப் படிக்கிறான். "டாக்டர் தம்பிக்கு இன்னொரு வடை வைப்பா!" (நல்லா வரட்டும், அவன் மேல் எனக்கென்ன கோபம்?) 720 மார்க்கைத் துரத்தி இரண்டு வருஷம் போனால் தவம். எதைப் படிப்பதென்றே பிடிபடாத பிள்ளை ஒரு வருஷம் நின்றால் வீண். எங்கள் காலத்தில் பிளஸ் டூ மார்க்கைக் கூட்ட இம்ப்ரூவ்மெண்ட் எழுத நின்றவர்களைக்கூட யாரும் இப்படிக் குடையவில்லை.

1997-ல் "கிடைச்ச சீட்டை விட்டால் போச்சு" என்று என்னை மெக்கானிக்கலில் தள்ளினார்கள். லேத் முன்னால் நின்றாலே கை நடுங்கும். மூன்றாவது செமஸ்டர் முடிவதற்குள் ஏழு அரியர். வெளியே வருகிறேன் என்றால், மிச்ச வருஷத்துக்கும் ஃபீஸ் கட்டினால்தான் டிசி என்றார்கள். ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று கல்லூரிகளுக்கு விதி போடுகிற யுஜிசியும் ஏஐசிடிஇயும் இப்போது சொல்கின்றன. அன்று என் அப்பாவுக்கு யார் சொன்னார்கள்? அம்மாவின் ரெட்டைவடச் சங்கிலி அடகுக்குப் போனது. அப்புறம் பி.காம். முதல் வருஷத்தில், இரண்டு வயது சின்னவர்களோடு, கடைசி பெஞ்சில் நான். அதற்குப் பெயர்தான் வீண்.

"வசதி இருக்கிறவன் பேச்சு" என்று கமெண்ட் வரும். ஐயா, நான் இன்னும் டூவீலருக்கு டியூ கட்டுகிறேன். சேர்ந்துவிட்டு வெளியே வருவதுதான் வசதிக்காரன் வேலை. "இடையில் ஒரு வருஷம் விட்டால் எவன் சேர்ப்பான்?" முந்தைய வருஷம் பிளஸ் டூ முடித்தவர்களும் பொறியியல் கலந்தாய்வுக்கு வரலாம். ஜேஇஇ மெயினையே அடுத்தடுத்து மூன்று வருஷம் எழுதலாம். போதுமா?

"பொம்பளைப் பிள்ளை, வீட்டில் இருந்தால் வரன் வந்து நிற்கும்" என்பதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை. பல வீடுகளில் நடக்கிறது. உன் வீடு அப்படியென்றால் யோசிக்காதே தாயி, கிடைத்த காலேஜில் சேர்ந்து தப்பித்துக்கொள். என் வீடு அப்படி இல்லை.

அவள் சும்மாவும் இல்லை. காலையில் பக்கத்து நர்சரிக்குப் போகிறாள். மாங்கன்றில் ஒட்டுக் கட்டி, பாலித்தீன் பட்டையைத் தண்ணீர் இறங்காமல் இறுக்கிச் சுற்றுகிறாள். இருபது கட்டியதில் பதினொன்று துளிர்த்திருக்கிறது. போன வாரம் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியைப் பற்றி அவளாகவே கேட்டாள். சேர்வாளா, தெரியாது. நான் கேட்கப் போவதுமில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொந்தத்தில் யார் படித்தாலும் பரவாயில்லை. 1997-ல் அப்பாவை உட்கார வைத்து "விட்டால் போச்சு" என்று பேசியது இதே பெரியப்பாதான். சங்கிலியை மீட்கப் பணம் கேட்டுப் போனபோது அவர் ஊரில் இல்லை என்றார்கள். திண்ணையில் அவர் செருப்பு கிடந்தது.