அந்தச் சனத்திட்டத்தானே கேக்கணும்

போன கிழமை கல்லாற்றிலிருந்து ஒரு தம்பி மெசஞ்சரில் படம் ஒன்று அனுப்பியிருந்தார். அவர்களுடைய வாலிபர் கூட்டத்தில் நிரப்பிய ஆவிக்குரிய வரங்கள் படிவம், அதாவது ஆவியானவர் ஒருவருக்குக் கொடுத்த வரம் எது என்று புள்ளி போட்டுப் பார்க்கிற தாள். தீர்க்கதரிசனம் 14, போதனை 13, விசுவாசம் 11 என்று தொடங்கி, கடைசியில் உதவி 4, இரக்கம் 3. கீழே ஒரு கேள்வி: "அண்ணா, எனக்குத் தீர்க்கதரிசன வரம்தானே? நான் அதிலதான் போகணும் என்ன?"

மூன்று நாளாகப் பதில் எழுத முடியவில்லை. இதே கேள்வியோடு இன்னும் எத்தனையோ பிள்ளைகள் இருப்பார்கள் என்று பட்டதால் இங்கேயே எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரிப் படிவங்கள் 1970களில் அமெரிக்காவில் பரவத் தொடங்கியவை. நூற்றுக்கு மேற்பட்ட வாக்கியங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை நாமே நமக்குப் புள்ளி போட வேண்டும். ஒரு வரத்துக்கு ஐந்து வாக்கியம், ஆகக்கூடிய புள்ளி 15. எங்கள் சபையிலும் இரண்டு வருசத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை பின்னேரம் இதைச் செய்தோம். போட்டோகொப்பி அடித்து, பென்சில் கொடுத்து, மண்டபத்தில் கதிரை போட்டு எல்லோரையும் இருத்தினோம். எனக்குப் பக்கத்தில் ஒரு மாமி. சொந்த மாமி இல்லை, சபைக்கே அவ மாமி. கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தா, அதனால் நான்தான் வாசித்துக் காட்டினேன்.

"நான் ஆறுதல் சொன்னால் மனமுடைந்தவர்கள் தெம்படைகிறார்கள். மிகவும், ஓரளவு, கொஞ்சம், இல்லவே இல்லை. எதைப் போட மாமி?"

கொஞ்ச நேரம் யோசித்தா. "இத நான் எப்பிடி மகன் சொல்ற? அந்தச் சனத்திட்டத்தானே கேக்கணும்."

அடுத்ததற்கும் அதே பதில். பத்தாவது வாக்கியத்தோடு பென்சிலை என் கையில் தந்துவிட்டு, எல்லோருக்கும் தேத்தண்ணி போட எழும்பிப் போய்விட்டா. அவவின் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. பெயர் மட்டும் எழுதின வெறும் தாள்.

அந்த மாமி யார் என்று சொன்னால்தான் நான் சொல்லவருவது விளங்கும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பில் நாவலடி, திருச்செந்தூர், கல்லடிப் பக்கத்துச் சனம் பள்ளிக்கூடங்களில்தான் தஞ்சம். மாமியும் வீடு போய், உடுத்த உடுப்போடு வந்தவ. வாலிபப் பொடியன்கள் நாங்கள் லொறியில் சாமான் வந்தால் சத்தம் போட்டு வரிசை கட்டுவோம், முன்னுக்கு நிற்பவர்களுக்கு அள்ளிக் கொடுப்போம். பின்னேரம் பார்த்தால் ஒரு அறையில் மூன்று பெட்டி பால்மா இருக்கும், அடுத்த அறையில் குழந்தை அழும். மூன்றாம் நாள் மாமி யாரிடமோ ஒரு சி.ஆர். கொப்பி வாங்கிக்கொண்டு அறை அறையாக நடந்தா. அந்தக் கொப்பியை நான் பார்த்தேன். வகுப்பறைக்கு ஒரு பக்கம். "யன்னல் பக்கத்து ஐயா, சீனி வருத்தம், சோறு குறைய." "பிள்ளைத்தாச்சி, முட்டை வந்தால் முதல் இவவுக்கு." இன்னொரு பக்கத்தில் ஒரு வரி மட்டும்: "மூலையில் இருக்கிற தம்பி ரெண்டு நாளாச் சாப்பிடல்ல. கதைக்கவும் இல்ல." அதற்குக் கீழே அடுத்த நாள் வேறு பேனையில்: "இண்டைக்கு அரைக் கோப்பை கஞ்சி குடிச்சது."

அவவிடம் யாரும் பொறுப்புக் கொடுக்கவில்லை. ஒரு கிழமைக்குள் நிவாரணம் கொண்டுவந்தவர்கள் எல்லோரும் முதலில் "கொப்பி வெச்சிருக்கிற அம்மா எங்க?" என்றுதான் கேட்டார்கள்.

1 கொரிந்தியர் 12:28இல் "ஆளுகைகள்" என்று ஒரு வரம் இருக்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்குக் கமிட்டி, மேடை, முன்வரிசைக் கதிரை எல்லாம் மனதில் வரும். பவுல் எழுதிய கிரேக்கச் சொல் கிபெர்னேசிஸ். கப்பலுக்குச் சுக்கான் பிடிக்கிற வேலையிலிருந்து வந்த சொல் அது. வாவியில் தோணி போவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. திசை பார்க்கிற ஆள் பின்பக்கத்தில்தான் இருப்பார், கரையில் நிற்பவர்களின் கண் அவரிடம் போகாது. மாமியின் கொப்பியை நினைக்காமல் என்னால் அந்த வசனத்தை வாசிக்க முடிவதில்லை. அந்தப் படிவத்தில் அவ தனக்குப் புள்ளி போட்டிருந்தால், "தலைமைத்துவம்" என்ற இடத்தில் நிச்சயமாகச் சுழியம்தான் போட்டிருப்பா.

அதே அதிகாரத்தின் 7ஆம் வசனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்முடைய குழப்பத்தில் பாதி அங்கே இருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். சின்ன வயதிலிருந்து நாம் மனப்பாடம் செய்த பழைய மொழிபெயர்ப்பில், ஆவியினுடைய அநுக்கிரகம் "அவனவனுடைய பிரயோஜனத்திற்கென்று" அளிக்கப்பட்டிருக்கிறது என்று வரும். இதை வாசிக்கிற பிள்ளை என்ன நினைக்கும்? எனக்குக் கிடைத்தது எனக்கு, என் பிரயோசனத்துக்கு. கத்தோலிக்கச் சகோதரர்கள் வாசிக்கிற திருவிவிலியத்தை எடுத்துப் பாருங்கள்: "பொது நன்மைக்காகவே" என்று இருக்கும். கிரேக்க மூலத்தில் "அவனவனுடைய" என்ற சொல் அந்த இடத்தில் இல்லை. பயன் என்று மட்டும்தான் இருக்கிறது. அது யாருடைய பயன் என்பதற்கு, கண்ணும் கையும் காலும் ஒரே சரீரம் என்று பவுல் பக்கம் பக்கமாக எழுதுவதே பதில். பழைய மொழிபெயர்ப்பு எனக்கு உயிர். அதில்தான் அம்மா எனக்கு ஜெபிக்கப் பழக்கினா. ஆனாலும் இந்த ஒரு வரியில் அது நம்மைத் தவறான வாசலுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறது.

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டமானது.

எனக்கு 24 வயதில், டவுனில் நடந்த இராக்கூட்டம் ஒன்றில், வெளியூரிலிருந்து வந்த ஒரு ஊழியர் என் தலையில் கை வைத்து, "உன்னைத் தீர்க்கதரிசியாக எழுப்புகிறார்" என்று மைக்கில் சொன்னார். சபை ஆர்ப்பரித்தது. என்னை முன்பின் தெரியாத மனிதர். அடுத்த நாளே அவர் ஊருக்குப் போய்விட்டார், நான் தீர்க்கதரிசியாக இங்கே இருந்தேன். ஒன்றரை வருசம் வீடுவீடாகப் போய் ஜெபித்து, வாயில் வந்ததையெல்லாம் கர்த்தர் சொல்கிறார் என்று சொன்னேன். ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை.

அப்படிப் போன ஒரு வீட்டில் ஒரு அக்கா. 1990இல் யுத்த நேரத்தில் பிடித்துக்கொண்டுபோன அவவின் கணவர் திரும்பி வரவே இல்லை. 18 வருசம் கழித்து நான் போய், கண்ணை மூடிக்கொண்டு, "உங்கட அவர் உயிரோட இருக்கார், இந்த நத்தாருக்குள்ள ஒரு செய்தி வரும்" என்று சொன்னேன். வரவில்லை. அடுத்த நத்தாருக்கும் வரவில்லை. அந்த இரண்டு நத்தாருக்கும் அவ அவருக்கென்று ஒரு சேர்ட் வாங்கி அலுமாரியில் வைத்திருந்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

மன்னிப்புக் கேட்கப் போவதற்கு எனக்கு நாலு வருசம் எடுத்தது. வாசலில் நின்று அழுதேன். அவ அழவில்லை. "நீங்க சொன்னது சரிவராதெண்டு எனக்கு அப்பவே தெரியும் தம்பி. ஆனா நீங்க ஒராள்தானே இந்த வீட்டுக்கு வந்து அவரப் பத்திக் கதைச்ச. மத்த ஒருத்தரும் அவர்ர பேரையே எடுக்கல்ல."

அந்த அக்காவுக்கு வேண்டியிருந்தது செய்தி சொல்கிற ஒருவன் இல்லை. அவருடைய பெயரைச் சொல்லி, கூட இருந்து, கேட்கிற ஒருவன். அது என்னால் முடிந்த காரியம்தான். நான் அதைச் செய்யாமல் மைக்கில் எனக்குத் தரப்பட்ட பட்டத்தை அவவின் மேல் பாவித்தேன்.

பவுல் இதற்கு வழி வைத்திருக்கிறார். 1 கொரிந்தியர் 14:29இல் தீர்க்கதரிசிகள் இரண்டுபேரோ மூன்றுபேரோ பேசலாம், மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்கிறார். தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ணவேண்டாம், ஆனால் எல்லாவற்றையும் சோதித்துப்பார்க்க வேண்டும் என்கிறார். நான் பேசிய ஒன்றரை வருசத்தில் அந்த "மற்றவர்கள்" எங்கே இருந்தார்கள்? பேசினது என்னுடைய குற்றம்தான். ஆனால் ஒரு 24 வயதுப் பொடியன் சொன்னதை ஒருவரும் நிதானிக்கவில்லை என்பது சபையின் குற்றமும்தான். இதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

அந்நிய பாஷையிலும் குணமாக்குதலிலும் தீர்க்கதரிசனத்திலும் நான் முழு மனதோடு விசுவாசமாக இருக்கிறேன். ஆவியானவர் இன்றும் கிரியை செய்கிறார். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

அந்த அக்காவின் வீட்டுக்குப் பிறகு ரோமர் 12ஐத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அங்கே பவுல் ஏழு வரங்களைச் சொல்கிறார். அதில் ஒன்று "புத்திசொல்லுகிறவன்". நம்முடைய ஊரில் புத்தி சொல்லுவது என்றால் மேலே இருந்து கீழே பார்த்துச் சொல்லுவது. செத்தவீட்டில் கூடப் புத்தி சொல்லுகிற ஆட்கள் நம்மிடம் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கிரேக்கச் சொல், யோவான் சுவிசேஷத்தில் இயேசு ஆவியானவரைத் "தேற்றரவாளன்" என்று சொல்கிறாரே, அதே வேரிலிருந்து வந்தது. பக்கத்தில் அழைக்கப்பட்டவர், பக்கத்தில் நிற்பவர். வரங்களைச் சொல்லி முடித்து ஏழு வசனத்துக்குள், அழுகிறவர்களோடே அழுங்கள் என்று பவுல் எழுதுகிறார். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு இந்த டவுனில் இருந்தவர்களுக்கு அந்த வரத்தின் பெறுமதி தெரியும். பிள்ளைகளை இழந்த வீடுகளில் "கர்த்தருடைய சித்தம்" என்று பேசியவர்களை எனக்கு ஞாபகமில்லை. பேசாமல் வந்து, பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் போனவர்களை ஞாபகமிருக்கிறது.

சரி, ஒருவருடைய வரத்தை எப்படித்தான் அறிவது? என்னிடம் சூத்திரம் இல்லை. நம் முன்னோர் கேட்ட கேள்விகள் இருக்கின்றன. மட்டக்களப்புக்கு மெதடிஸ்த மிஷனரி வந்தது 1814இல். அதற்கும் முன்பே, 1746இல், ஆவியானவர் என்னைப் பிரசங்கிக்க அழைக்கிறார் என்று சொல்லிக்கொண்டு வருபவர்களை எப்படிச் சோதிப்பது என்று மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியும் அவரோடு இருந்தவர்களும் மூன்று கேள்வி வைத்தார்கள். கிருபை உண்டா, வரம் உண்டா, கனி உண்டா. கடைசிக் கேள்விக்குப் பிரசங்கி தானே பதில் சொல்ல முடியாது. அவருடைய பேச்சைக் கேட்டு மனந்திரும்பிய சனத்திடம்தான் கேட்க வேண்டும். மாமி சொன்னதும் அதைத்தானே?

இன்னொன்றை ஒரு கத்தோலிக்க நண்பனிடம் படித்தேன். அவன் புனித மிக்கேல் கல்லூரியில் இயேசு சபைக் குருவானவர்களிடம் படித்தவன். அந்தச் சபையை நிறுவிய இஞ்ஞாசியார் 1521இல் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து படுக்கையில் கிடந்தபோது ஒன்றைக் கவனித்தாராம். வீரதீரக் கற்பனைகளில் மூழ்கும்போது இனிக்கும், முடிந்ததும் மனம் வறண்டுபோகும். பரிசுத்தவான்களைப் போல வாழ நினைத்தபோதும் இனித்தது, அந்த இனிப்பு பிறகும் நின்றது. அவர் வகுத்த ஆவிகளைப் பகுத்தறியும் வழிக்கு அது தொடக்கம். நண்பன் சொல்லும்போது எனக்கு என் இராக்கூட்ட நாட்கள்தான் நினைவுக்கு வந்தன. மேடையில் உடம்பெல்லாம் தீயாக இருக்கும். வீட்டுக்கு வந்து படுத்தால் நித்திரை வராது, அடுத்த கூட்டம் எப்போது என்றே மனம் ஓடும். இப்போது ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துவந்த இரவுகளில் அப்படி இல்லை. உடம்பு களைத்திருக்கும், மனம் அமைதியாக இருக்கும்.

போதகர்மாருக்கு ஒரு வார்த்தை. வரம் என்றால் ஒன்பது என்று 1 கொரிந்தியர் 12:8-10இன் பட்டியலோடு நிறுத்திவிடாதீர்கள். வேதத்தில் தேவ ஆவியால் நிரப்பப்பட்டதாக முதல் முதல் சொல்லப்படுகிறவர் பெசலெயேல். மரம் செதுக்கி, பொன்னும் வெள்ளியும் வேலை செய்தவர். எங்கள் பிரசங்க பீடத்தைச் செய்தது டவுனில் இருந்த ஒரு பறங்கி பாஸ், ஐரோப்பியர் வழிவந்த ஒரு தச்சர். தச்சுவேலையும் கொல்லுவேலையும் மட்டக்களப்புப் பறங்கியர் தலைமுறையாகச் செய்துவந்த தொழில்கள். 1978 சூறாவளியில் கூரை போய், மழையில் நனைந்து கிடந்தும் அந்தப் பீடத்தில் ஒரு பொருத்துக்கூட விலகவில்லை என்று அப்பா சொல்லுவார். அறுபது வருசமாக எல்லாப் பிரசங்கிகளும் அதில்தான் கை ஊன்றி நிற்கிறார்கள். ஒரு ஞாயிறாவது அந்த பாஸின் வேலையை வரம் என்று சொல்லிக் கர்த்தருக்கு நன்றி செலுத்தியிருக்கிறோமா? இன்றைக்கும் மின்விசிறி திருத்துகிற பொடியன், கணக்கெழுதுகிற அக்கா, மண்டபம் கூட்டுகிற பெரியம்மா எல்லோரும் "உதவியாட்கள்" என்றுதான் அறிக்கையில் வருகிறார்கள்.

படிவத்தைக் கிழித்தெறியச் சொல்லவில்லை. பேச்சைத் தொடங்க அது உதவும். ஆனால் நிரப்புகிற ஆளை மாற்றுங்கள். அந்தப் பிள்ளையோடு ஒரு வருசம் வேலை செய்த மூன்றுபேரிடம் கொடுத்து, இவரைப் பற்றி எழுதுங்கள் என்று கேளுங்கள்.

தம்பி, இனி உங்களுக்கு. 14 என்பது பொய் என்று நான் சொல்லவரவில்லை. உங்களுக்கு உண்மையாகவே அந்த வரம் இருக்கலாம். இரக்கம் 3 என்று நீங்களே போட்டிருக்கிறீர்கள், அதைத்தான் நான் அதிகமாகக் கவனித்தேன். போன வருசம் உங்கள் அம்மம்மா படுக்கையில் கிடந்த நாலு மாதமும் இரவில் யார் முழித்திருந்தது என்று உங்கள் அம்மாவிடம் ஒருக்கா கேளுங்கள். எனக்கு அவ சொல்லியிருக்கிறா.

வாற சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு நாங்கள் ஆறுபேர் போதனா வைத்தியசாலைக்குப் போகிறோம், தூர இடத்திலிருந்து வந்து பார்க்க ஆள் இல்லாமல் கிடக்கிறவர்களைப் பார்க்க. மாமி கஞ்சி காய்ச்சித் தருவா. போத்தல் தூக்க ஒரு ஆள் குறைகிறது. மூன்றரைக்கு டவுன் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். வந்தால் அங்கே இருந்து சேர்ந்து போகலாம்.