சாவியைத் தேடிப் போனவன்

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவல் பற்றிப் பேச்சு வந்தால், ரத்தம் குடிக்கும் அந்தப் பிரபு டிராகுலாவின் கோட்டையில் சிக்கிக்கொள்ளும் ஹார்க்கரைப் பற்றி யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. "அந்த ஹார்க்கர் ஒரு மடையன் சார். பட்டப்பகல். டிராகுலா பெட்டிக்குள்ள பிணமாட்டம் படுத்துக் கிடக்கான். இவன் கையில மம்பட்டி வேற. அங்கேயே சோலியை முடிச்சிருந்தா நாவலே நாலு அத்தியாயத்துல முடிஞ்சிருக்கும்." போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் இதையே சொன்னார். பாயசம் வந்துகொண்டிருந்த நேரம், சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இங்கே விடப்போவதில்லை.

முதலில், அது மம்பட்டி இல்லை. ஷவல். கட்டட வேலையில் மணல் அள்ளுவார்களே, அது. மம்பட்டியாக இருந்திருந்தால் பக்கத்து இலைக்காரர் சொன்னபடி சோலி முடிந்தே போயிருக்கலாம், அது ஓங்கி இறக்குவதற்கென்றே செய்தது. ஷவல் அள்ளுவதற்கு. அதைத் திருப்பிப் பிடித்து விளிம்பால் ஒருவன் முகத்தில் வெட்ட வேண்டுமென்றால், அதுவும் தரையோடு கிடக்கும் பெட்டிக்குள் வெட்ட வேண்டுமென்றால், எத்தனை பேரால் முடியும்?

இன்னொன்று. நான் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன். வக்கீல்தான், ஆனால் கோர்ட்டு ஏறியது குறைவு. கிரயம், தானம், பாகப்பிரிவினை, பவர் என்றே இருபது வருஷம் ஓடிவிட்டது. ஹார்க்கரும் அதே தொழில். இதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. கோட்டை, ஓநாய், மூன்று பெண்கள், சுவரில் பல்லி மாதிரி தலைகீழாக இறங்கும் பிரபு எல்லாம் ஞாபகம் இருக்கும். ஆனால் அவன் எதற்காக டிரான்சில்வேனியா போனான் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் முழிப்பார்கள். வீட்டுப் பத்திரத்தோடு போனான். எக்ஸிட்டர் ஊர் சீனியர் ஹாக்கின்ஸுக்கு மூட்டு வாதம், அதனால் இப்போதுதான் பரீட்சை தேறிய ஜூனியரை அனுப்புகிறார். லண்டன் பக்கத்தில் பர்ஃப்ளீட்டில், சுமார் 20 ஏக்கர் வளாகத்தில் கார்ஃபாக்ஸ் என்ற பழைய வீடு. கோடாக் கேமராவில் அதைப் படம்கூட எடுத்துக்கொண்டு போகிறான் பையன். அவ்வளவு பொறுப்பு.

பிரபு அவனிடம் ஒரு கேள்வி கேட்பார். இங்கிலாந்தில் ஒருவர் இரண்டு வக்கீல் வைத்துக்கொள்ளலாமா? வீடு ஒருவரிடம், கப்பலில் சாமான் அனுப்புவது இன்னொரு ஊரில் இன்னொருவரிடம் என்று பிரித்துக் கொடுக்கலாமா? நாவலை முதலில் கல்லூரி ஹாஸ்டலில் படித்தபோது இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன், சலிப்பாக இருந்தது. தொழிலுக்கு வந்தபிறகு மறுபடி படித்தால், புத்தகத்திலேயே என் முதுகு சில்லிட்ட இடம் இதுதான். எந்த வக்கீலுக்கும் முழு விவரம் தெரியக்கூடாது என்று வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தரும் கட்சிக்காரரை நான் பார்த்திருக்கிறேன். பல் நீளமாக இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் மூன்று கடிதங்கள். மே மாதத்திலேயே உட்கார்த்தி வைத்து எழுதி வாங்குகிறார். ஒன்றில் ஜூன் 12, ஒன்றில் 19, ஒன்றில் 29 என்று தேதி. வேலை முடியப்போகிறது, நாளைக் காலை கிளம்புகிறேன், கோட்டையிலிருந்து கிளம்பி பிஸ்ட்ரிட்ஸ் வந்துவிட்டேன். வரப்போகும் தேதி போட்டு வாங்கிய கையெழுத்து. தன் ஆயுள் எந்தத் தேதி வரை என்று ஹார்க்கருக்கு அன்றைக்கே தெரிந்துவிடுகிறது.

இப்போது நிலவறைக்கு வருவோம். அவன் அங்கே இரண்டு முறை போகிறான். முதல் முறை ஜூன் 25. பிரபு சுவரில் இறங்குவதைப் பார்த்தவன், தானும் பகலில் சுவரைப் பிடித்து இறங்கி, ஜன்னல் வழியே பிரபுவின் அறைக்குள் நுழைகிறான். தூசி படிந்த தங்க நாணயக் குவியல் ஒன்று கிடக்கிறது. சீண்டவில்லை, அவனுக்கு வேண்டியது சாவி. வளைந்து இறங்கும் படிக்கட்டு, குகை மாதிரி ஒரு வழி, புதிதாகக் கிளறிய பழைய மண்ணின் வாடை, இடிந்துபோன ஒரு தேவாலயம். தரையைத் தோண்டி மண்ணை மரப்பெட்டிகளில் நிரப்பி வைத்திருக்கிறார்கள். எண்ணுகிறான், ஐம்பது. (எண்ணியிருக்கிறான் பாருங்கள். கிளார்க் புத்தி எங்கே போகும்!) அதில் ஒரு பெட்டியில் பிரபு. கண் திறந்திருக்கிறது, மூச்சில்லை, நாடியில்லை. சாவிக்காகச் சட்டையைத் தடவலாம் என்று குனிகிறவன், அந்தச் செத்த கண்ணில் இருந்த வெறுப்பைப் பார்த்ததும் ஓடிவிடுகிறான்.

இரண்டாவது முறை ஜூன் 30 காலை. முந்தின இரவு கதவுக்கு வெளியே நின்று பிரபு, கோட்டையில் இருக்கும் ரத்தம் குடிக்கும் அந்த மூன்று பெண்களிடம், நாளை இரவு இவன் உங்களுக்கு என்று சொன்னதைக் கேட்டிருக்கிறான். விடிந்து சேவல் கூவியதும் வாசலுக்கு ஓடி, சங்கிலியைக் கழற்றி, தாழ்ப்பாளை எல்லாம் இழுத்துப் பார்த்தால் கதவு பூட்டியிருக்கிறது. சாவி வேண்டும். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அந்த ஆள் நிலவறைக்குள் கொலை செய்யப் போகவில்லை. வீட்டுக்குப் போகச் சாவி கேட்டுப் போனான்.

பெட்டி மேல் மூடி இருக்கிறது, ஆணிகள் அதனதன் இடத்தில் நிற்கின்றன, இன்னும் அடிக்கவில்லை. திறந்தால், அதே பிரபு, ஆனால் பாதி இளமை திரும்பியவர். நரைத்த தலை கருக்கத் தொடங்கியிருக்கிறது, கன்னம் பூரித்திருக்கிறது, உதட்டோரம் ரத்தம். குடித்து உப்பிய அட்டை மாதிரி கிடக்கிறார். தொடவே கூசுகிறது, ஆனாலும் உடம்பெல்லாம் தடவித் தேடுகிறான். சாவி இல்லை. நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்க்கிறான். அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. இதைத்தான் நான் லண்டனுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க உதவியிருக்கிறேன். கூட்டம் நெரியும் அந்த ஊரில் நூற்றாண்டுக் கணக்காக இது குடித்துக்கொண்டிருக்கும், தன்னைப்போல் இன்னும் பலரை உண்டாக்கும், அதற்கு வீடு பார்த்துக் கொடுத்தவன் நான்.

ஷவலை எடுப்பது அதற்குப் பிறகுதான்.

சுமார் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். அவ்வளவு மரியாதை, செருப்பைப் படிக்கு வெளியிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். ஒரு பவர் எழுதிக் கொடுத்தேன். ஆதாரமெல்லாம் சரி, சட்டப்படி ஒரு புள்ளி பிசகில்லை. ஏழெட்டு மாதம் கழித்து ஓர் அம்மா வந்து அதன் நகலை மேசையில் வைத்தார். அவர் குடியிருந்த வீடு கைமாறிவிட்டது, சாமான் தெருவில். திட்டவில்லை. கடைசிப் பக்கத்தில் இருந்த என் ரப்பர் ஸ்டாம்பு மேல் விரலை வைத்து, "தம்பி, இது நீங்கதானா?" என்று கேட்டார். நான்தான் என்றேன். ஹார்க்கரை மடையன் என்று சொல்லும்போது எனக்குச் சுருக்கென்று தைப்பது இதனால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஓங்கினான், ஏன் தவறியது? தலை திரும்புகிறது. கண் அவன் மேல் விழுகிறது. நடந்தது அவ்வளவுதான். எழுந்து உட்காரவில்லை, கையைப் பிடிக்கவில்லை, பல்லைக் காட்டிப் பாயவில்லை. அந்தப் பார்வையில் இவன் கை செயலற்றுப் போய், ஷவல் திரும்பி, நெற்றியில் ஒரு ஆழமான வெட்டோடு நழுவிவிடுகிறது. இழுக்கும்போது அதன் விளிம்பு மூடியில் மாட்டி, மூடி தானே விழுந்து முகத்தை மறைத்துவிடுகிறது.

பார்வையாலேயே கொல்லும் பேசிலிஸ்க் என்ற கற்பனைப் பாம்பின் பெயரைத்தான் ஸ்டோக்கர் அந்த இடத்தில் பயன்படுத்துகிறார். நமக்கு அந்தப் பாம்பு புதிதில்லை. திட்டிவிடம். மணிமேகலையில் உதயகுமரன் முற்பிறவியில் இறந்தது அதனால்தான், அந்தப் பிறவியில் அவன் பெயர் இராகுலன். (டிராகுலா, இராகுலன் என்று எதுகை போட்டு யாரும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிவிடாதீர்கள், கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.) டிராகுலா மாதிரி ரத்தம் குடிக்கும் வேம்பையரை 'ரத்தக் காட்டேரி' என்று நாம் மொழிபெயர்ப்பதில்தான் எனக்கு மனத்தாங்கல். காட்டேரி பல குடும்பங்களுக்குக் குலதெய்வம். பிணத்துக்குள் புகுந்து பேசும் வேதாளம் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வரும். ரிச்சர்ட் பர்ட்டன் 1870-இல் விக்ரமாதித்தன் கதையை ஆங்கிலத்தில் போட்டபோது வேதாளத்தை வேம்பையர் என்றே தலைப்பில் வைத்தார். ஸ்டோக்கருக்கு அந்தப் பர்ட்டனை நேரிலேயே தெரியும். பேசும்போது மேலுதடு ஏறிக் கோரைப்பல் தெரிந்ததைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியும் வைத்திருக்கிறார்.

தலையும் கண்ணும் மட்டும் அசைந்தன என்பதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், ஸ்டோக்கர் நாடகக்காரர். லண்டன் லைசியம் தியேட்டரின் மேலாளராக நடிகர் ஹென்றி இர்விங்கிடம் வருஷக்கணக்கில் வேலை பார்த்தவர். அதே லைசியத்தின் பழைய கட்டடத்தில் 1820-இல் ஒரு வேம்பையர் நாடகம் போட்டார்கள். நடிகர் சட்டென்று மறையவும் தோன்றவும் மேடையில் ஸ்பிரிங் வைத்த ரகசியக் கதவு ஒன்று செய்தார்கள், நாடகத்தின் பெயராலேயே அதற்கு 'வேம்பையர் டிராப்' என்று பெயர் நிலைத்துவிட்டது. தடாலென்று தோன்றினால் கூட்டம் அலறும் என்று ஸ்டோக்கருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்தேதான் தன் பிரபுவைப் படுக்கவைத்துத் தலையையும் கண்ணையும் மட்டும் திருப்புகிறார்.

சினிமாவுக்கு அந்தப் பொறுமை இல்லை. 1922-இல் வந்த முர்னாவின் 'நோஸ்ஃபெராட்டு' பரவாயில்லை. அதில் ஹார்க்கர் இடத்தில் வருகிறவன் உடைந்த மூடி இடுக்கில் அந்த முகத்தைப் பார்த்து, மூடியைத் தள்ளிவிட்டுப் பின்வாங்கிப் படியோடு ஒடுங்குவான், அடிக்கக் கையே வராது. பிரபு பலகை மாதிரி நெட்டுக்குத்தலாக எழும் அந்தப் புகழ்பெற்ற காட்சி கோட்டையில் இல்லை, பிறகு கப்பலில். 1958-இல் கிறிஸ்டோபர் லீ நடித்த படத்தில் எல்லாமே தலைகீழ். அதில் ஹார்க்கர் விஷயம் தெரிந்தே, வேட்டைக்காரனாகவே வருகிறான். கையில் ஆப்பும் சுத்தியலும் உண்டு. நிலவறையில் இரண்டு பெட்டி. முதலில் பிரபுவோடு இருக்கும் வேம்பையர் பெண்ணின் நெஞ்சில் அடிக்கிறான், அவள் கிழவியாகச் சுருங்குகிறாள். அதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. திரும்பினால் பக்கத்துப் பெட்டி காலி. வாசலில் பிரபு நிற்கிறார், கதவைச் சாத்துகிறார். நன்றாக எடுத்த காட்சிதான், சின்ன வயதில் பார்த்திருந்தால் நானும் தூங்கியிருக்க மாட்டேன். ஆனால் அந்த ஹார்க்கரை மடையன் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். பெரியவனை விட்டுவிட்டு எவனாவது முதலில் அங்கே போவானா?

நாவலின் ஹார்க்கருக்கு ஆப்பும் தெரியாது, பூண்டும் தெரியாது. இதையெல்லாம் பிறகு சொல்லித்தரும் வான் ஹெல்சிங் அப்போது கதைக்குள் இன்னும் வரவே இல்லை. வரும் வழியில் ஊர்க்காரர்கள் கிசுகிசுத்த வார்த்தையைப் பையில் இருந்த அகராதியில் பார்த்திருக்கிறான், ஓநாய் மனிதன் அல்லது ரத்தம் குடிப்பது என்று பொருள் போட்டிருக்கிறது, பிரபுவிடமே கேட்டுவிடலாம் என்று குறித்துக்கொண்டிருக்கிறான்! சத்திரத்து அம்மா கழுத்தில் போட்டுவிட்ட சிலுவையைக்கூட, புராட்டஸ்டன்ட் ஆனவன் இதை வாங்கலாமா என்ற சங்கடத்தோடுதான் வாங்குகிறான். அந்தப் பையனிடமிருந்து இதற்கு மேல் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

அந்த அடி வீணாகவும் போகவில்லை. லண்டன் முழுக்க, அக்டோபர் வரைக்கும், பிரபு அந்த நெற்றித் தழும்போடுதான் அலைகிறார். ஹார்க்கரின் மனைவி மீனா தன் அறைக்குள் வந்தவர் யாரென்று அடையாளம் சொல்லும்போது, கணவன் வெட்டிய அந்தத் தழும்பையும் சொல்கிறாள். ஹார்க்கரும் ஷவலை விட்டுவிட்டு குக்ரிக்கு மாறிவிடுகிறான், கூர்க்காக்களின் அதே கத்திதான். பிக்காடிலி வீட்டில் அதை வீசும்போது பிரபுவின் கோட்டுதான் கிழிகிறது, உள்ளிருந்து ரத்தம் வரவில்லை, நோட்டுக்கட்டும் தங்கக்காசும் கொட்டுகிறது. நவம்பர் 6, சூரியன் இறங்கும் நேரம், மறுபடி அதே மாதிரி ஒரு பெட்டி, உள்ளே அதே கண். இந்த முறை கை திரும்பவில்லை, குக்ரி கழுத்தில் இறங்குகிறது. கூட வந்த நண்பன் குயின்ஸி மாரிஸின் கத்தி நெஞ்சில்.

ஜூன் 30 அன்று கடைசிவரை சாவி கிடைக்கவில்லை. வந்த வழியே ஏறி அறைக்குத் திரும்பியவன், இனி சுவரைப் பிடித்து இறங்குவது ஒன்றுதான் வழி என்று நாட்குறிப்பை முடிக்கிறான். எப்படி இறங்கினான், காட்டை எப்படித் தாண்டினான் என்று புத்தகம் எங்கேயும் சொல்லாது. ஒன்றரை மாதம் கழித்து புடாபெஸ்டிலிருந்து ஒரு கன்னியாஸ்திரி மீனாவுக்குக் கடிதம் எழுதுகிறார், மூளைக் காய்ச்சலில் படுத்திருக்கிறார் என்று. அதில் இன்னொன்றும் இருக்கிறது. கிளவ்சன்பர்க் ரயில் நிலையத்துக்குள் ஓடிவந்து, ஊருக்கு டிக்கெட், ஊருக்கு டிக்கெட் என்று கத்தினாராம். எந்த ஊர் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? கத்துகிற கத்தலைப் பார்த்தால் இங்கிலீஷ்காரர் போலிருக்கிறது என்று, அந்தத் திசையில் அந்த ரயில் போகும் கடைசி ஸ்டேஷனுக்கு ஒரு டிக்கெட் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.