வழியனுப்ப வந்தவர்களுக்கும் ஒரு கண்ணாடிப் பெட்டி

போன மாதம் அம்மாவை ஊருக்கு அனுப்ப சான் பிரான்சிஸ்கோ விமான நிலையம் போயிருந்தேன். விமானம் மூன்று மணி நேரம் தாமதம். ஆறு மாதம் கூடவே இருந்துவிட்டுக் கிளம்புகிறார். இருவருக்கும் பேச்சு வரவில்லை. "பாஸ்போர்ட் இருக்காம்மா?" என்று மட்டும் நான்கு முறை கேட்டிருப்பேன்.

சும்மா நடப்போம் என்று கூட்டிப் போனபோதுதான் பன்னாட்டு முனையத்திலேயே இருக்கும் விமானப் போக்குவரத்து அருங்காட்சியகம் கண்ணில் பட்டது. 1937-இல் இங்கே இருந்த பயணிகள் கூடத்தை அப்படியே திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். கட்டணம் கிடையாது. முக்கியமான விஷயம், அது பாதுகாப்புச் சோதனைக்கு வெளியே இருக்கிறது. டிக்கெட் இல்லாத நானும் உள்ளே போக முடிந்தது.

அம்மா முப்பது வருடம் தையல் மிஷினில் உட்கார்ந்தவர். பழைய விமானப் பணிப்பெண்களின் சீருடை முன்னால் போய் நின்றவர் நகரவே இல்லை. "டக் எவ்வளவு சன்னமா பிடிச்சிருக்கான் பாரு. இந்தக் காஜா கையால எடுத்தது" என்றார். அப்புறம் காலர், கைக்குழி, லைனிங் துணி என்று ஒவ்வொன்றாக எனக்கு விளக்கிக்கொண்டே வந்தார். அவர் தொழிலைப் பற்றி இத்தனை வருடத்தில் நான் கேட்காததையெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் கேட்டேன்.

இந்த விமான நிலையம் 1980-இலேயே அருங்காட்சியகத்தைத் தொடங்கிவிட்டது. 1999-இல் அமெரிக்க அருங்காட்சியகக் கூட்டமைப்பின் அங்கீகாரமும் கிடைத்தது. விமான நிலையத்துக்குள் இயங்கும் அருங்காட்சியகம் ஒன்றுக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. எல்லா முனையங்களிலும் கண்காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. தட்டச்சு எந்திரங்களை மட்டுமே வைத்துக்கூட ஒன்று நடத்தியிருக்கிறார்கள்.

வேறு ஊர்களிலும் நல்ல முயற்சிகள் உண்டு. ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில், நெதர்லாந்தின் தேசிய அருங்காட்சியகமான ரைக்ஸ் அருங்காட்சியகம் 2002-இல் தன் கிளையைத் திறந்து, அசல் ஓவியங்களையே கொண்டுவந்து மாட்டியது. ஏதென்ஸில், விமான நிலையம் கட்டத் தோண்டியபோது கிடைத்த பழம்பொருட்களை அங்கேயே காட்சிக்கு வைத்தார்கள். இது எனக்கு ரொம்பப் பிடித்த யோசனை. காலுக்குக் கீழே இருந்ததைக் கண்ணுக்கு முன்னால் வைப்பது!

நம் நாட்டில் மும்பை இரண்டாம் முனையம் இருக்கிறது. 2014-இல் வடிவமைப்பாளர் ராஜீவ் சேத்தியின் பொறுப்பில் அங்கே உருவான கலைச்சுவர் சுமார் 3 கிலோமீட்டர் நீளம், 5,000-க்கும் மேற்பட்ட கலைப்பொருட்கள். பிரமாதமான வேலை, மறுப்பே இல்லை. ஆனால் அதைப் பார்ப்பவர்கள் யார்? டிக்கெட் வைத்திருப்பவர்கள். அவர்களும் பெட்டியை இழுத்துக்கொண்டு கேட்டைத் தேடி ஓடுகிறவர்கள்.

நிஜமாகக் காத்திருப்பவர்கள் வெளியே இருக்கிறார்கள். சென்னையில் நான் வந்து இறங்கும்போதெல்லாம் மாமாவும் சித்தியும் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரமாக நின்றிருப்பார்கள். விமானத்தில் ஒருமுறைகூட ஏறாதவர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனையோ பேர். அவர்கள் பார்க்க அங்கே தள்ளுவண்டியும் டாக்சி வரிசையும்தான்.

அவர்களுக்காக அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்தால் என்ன? உள்ளே வைக்கப் பொருளா இல்லை? 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டி வந்த முதல் தபால் விமானம், அங்கிருந்து அவருடைய கூட்டாளியான விமானி நெவில் வின்சென்ட் கையில் பெல்லாரி வழியாக மெட்ராஸ் வந்து சேர்ந்தது. அந்தச் சின்ன ஒற்றை எஞ்சின் விமானத்தின் மாதிரி ஒன்று, அந்தக் காலத்துத் தபால் உறைகள் சில, பழைய சீருடை ஒன்று, பக்கத்தில் தமிழில் பெரிய எழுத்தில் விளக்கம். மேலே நிழல், முன்னால் உட்கார நாலு நாற்காலி. மீனம்பாக்கத்தில், கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம்.